பதினேழாவது முறை

இதே பேச்சைப் பதினாறு முறை பேசிவிட்டேன்.
புனேயில், கொச்சியில், ஒருமுறை பெர்லினில்
மப்ளரைக் கழற்றாமலே.
எங்கே நிறுத்தினால் தண்ணீர் குடிக்கலாம்,
எங்கே சிரிப்பார்கள், எல்லாம் தெரியும்.
நான்காவது ஸ்லைடு:
'மொழியின் பெயர் ரஸ்ட். தமிழில் துரு.'

காரைக்குடியில் பதினேழாவது.
கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் வீடு,
இரண்டாங்கட்டில் நூற்றிப்பத்து நாற்காலி,
முதுகில் பந்தல்காரர் செல்பேசி எண்.
ஒருங்கிணைப்பாளன் சோலையப்பன் தந்த கழுத்தட்டையில்
நான் உண்ணாமலை.
உண்ணாமுலை என்றேன்.
'இங்க அப்டித்தான் அக்கா' என்றான்,
ஓர் எழுத்தை மாற்றி
ஊரே எப்போதோ கம்பைல் செய்துவிட்ட நிதானத்தோடு.

திரை எதற்கு, சுவரே போதும் என்றார்கள்.
முட்டை வெண்கரு விட்டு இழைத்த சுவர்.
புரொஜெக்டர் வெளிச்சத்தை வாங்கி
வட்டியோடு திருப்பித் தந்தது.
கறுப்புப் பின்னணியில் நிரல் காணாமல் போய்
என் முகம்தான் மங்கலாகத் தெரிந்தது.
வெள்ளைக்கு மாற்றினேன்.
தேக்குத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு
ஒவ்வொரு வரியின் நடுவிலும் ஐந்தெழுத்து இல்லை;
மொத்தமாக இடப்பக்கம் சாய்ந்தார்கள்
ஓர் அரைப்புள்ளியைத் தேடி.

ஒரு மதிப்புக்கு
ஒரே ஓர் உரிமையாளர், என்றேன்.
வேறு பெயருக்கு மாற்றிவிட்டால்
பழைய பெயர் அதைத் தொட முடியாது.
கடன் கொடுக்கலாம்.
பார்க்க மட்டும் என்றால் எத்தனை பேருக்கும்.
திருத்த என்றால் ஒருவருக்கே,
அப்போது மற்றவர் எட்டிப் பார்க்கவும் கூடாது.
எந்தக் கடனும்
கொடுத்தவரைத் தாண்டி வாழாது.

பதினாறு ஊரிலும் இந்த இடத்தில்
தலைகள் குனியும், குறிப்பெடுப்பார்கள்.
இங்கே யாரோ சிரித்தார்.
பிறகு ஒரு வரிசை.
நான்காவது ஸ்லைடு இன்னும் வரவில்லை.

கேள்வி நேரம்.
மைக்கை நீட்ட வந்த ஒலிபெருக்கிக்காரர் பூமிநாதன்
யாரிடமும் தராமல் தானே பேசினார்:
'இந்த வீட்டுக்கு நாப்பத்தொரு பங்கு மேடம்.
எட்டுப் பேர் பினாங்குல, ரெண்டு பேர் டெக்சாஸ்ல,
ஒருத்தர் எங்க இருக்காகன்னே தெரியல.
ஓடு மாத்தணும்னா நாப்பத்தொரு கையெழுத்து.
மழை யாரையும் கேக்காம எறங்குது.
ஒங்க மொழியில இது ஓடுமா?'

ஓடும் என்றேன்.
பங்காளிகளை எண்ணி வைக்கும் பெட்டி ஒன்று உண்டு,
ஒருவர் விலகினால் ஒன்று குறையும்,
கடைசி ஆளும் போனால்
அந்தக் கணமே இடம் காலி.
'திருத்தணும்னா?'
ஒரு பூட்டு. சாவி வாங்கியவர் திருத்தலாம்,
மற்றவர்கள் காத்திருப்பார்கள்.
'சாவியோட செத்துப் போயிட்டா?'
பூட்டில் விஷம் ஏறியதாக மொழி குறித்துவைக்கும்,
அடுத்து வருபவரிடம் சொல்லும்.
'சாகல. சும்மா, திருப்பித் தரல.'

அது எந்த ஸ்லைடிலும் இல்லை.

மேடையிலேயே எழுதினேன்.
நாற்பத்தொரு இழை, ஒரு பூட்டு,
முதலில் வந்தவன் சாவியைப் பிடித்தபடி
தூங்கப் போகிறான்.
கம்பைலர் ஒரு குறையும் சொல்லவில்லை,
எச்சரிக்கைகூட இல்லை.
இரண்டு நாளாக நான் எழுதியதிலேயே
முதல் தடவையில் தேறியது அதுதான்.
ஓட்டினேன்.

சுவரில் கர்சர்
மினுக்கியது, மினுக்கியது.
தூணுக்குப் பின்னால் இருந்தவர்கள் எழுந்து வந்து
ஓரமாக நின்று பார்த்தார்கள்.
சோலையப்பன் 'நேரம் முடிந்தது' அட்டையைத் தூக்கினான்,
அப்புறம் அவனே அதை மடியில் வைத்துக்கொண்டான்.
ஒருவர் மெல்லக் கேட்டார்:
'ஹேங்கா?'
இல்லை, என்றேன். எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது.

சாப்பிட்டுத் திரும்பியபோதும்
நிறுத்தியிருக்கவில்லை யாரும்.
மடிக்கணினியில் கை வைத்துப் பார்த்தேன்.
சூடே இல்லை, விசிறிகூடச் சுற்றவில்லை.
நாற்பது பேர் காத்திருப்பதற்கு
மின்சாரம் ஆவதில்லை.

பூமிநாதன் வயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்:
'அந்தத் துருன்னு ஏதோ சொல்ல வந்தீகளே,
அது என்ன?'